மாடி ஏறினால் வாட்ச் சரியாக எண்ணுவதில்லை: ஐந்து மாடிக்கு நான்கு, சில நேரம் மூன்று

மொட்டைமாடி_நடை கேட்டது:

வணக்கம். சென்னையில் அடுக்ககம். கீழே ஸ்டில்ட் பார்க்கிங், மேலே நான்கு தளம், அதற்கு மேல் மொட்டை மாடி. வெயில் காலத்தில் படிக்கட்டுதான் உடற்பயிற்சி. கையில் இருப்பது பாரோமீட்டர் (காற்றழுத்தமானி) உள்ள வாட்ச், அதனால் ஏறிய மாடிகளை எண்ண வேண்டும். ஆனால் கணக்கு ஒத்து வரவில்லை.

பார்க்கிங்கிலிருந்து மொட்டை மாடி வரை ஒரே மூச்சில் ஏறினால் ஐந்து வர வேண்டும். பெரும்பாலும் நான்கு காட்டுகிறது, சில சமயம் மூன்று, அபூர்வமாக ஐந்து. பார்க்கிங்கிலிருந்து முதல் தளத்துக்கு மட்டும் ஏறினால் எப்போதுமே பூஜ்யம். காய்கறிப் பை, தண்ணீர் கேன் தூக்கிக்கொண்டு ஏறினால் இன்னும் குறைகிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், ஸ்கூட்டரில் அலுவலகம் போய்ச் சேரும்போது ஏறாத மாடி இரண்டு மூன்று சேர்ந்திருக்கிறது.

டேப் வைத்து அளந்த கணக்கு: பார்க்கிங்கிலிருந்து முதல் தளம் 16 படி, ஒவ்வொன்றும் 17 செ.மீ. அதற்கு மேல் மொட்டை மாடி வரை நான்கு அடுக்கு, அடுக்குக்கு 18 படி, ஒவ்வொன்றும் 16.5 செ.மீ. எல்லா அடுக்கிலும் பாதியில் ஒரு திருப்பம்.

ஆப்பை நீக்கி மறுபடி போட்டாயிற்று, ஃபேக்டரி ரீசெட்டும் செய்தாயிற்று. மாற்றமில்லை. சென்சார் போய்விட்டதா, அல்லது இவ்வளவுதானா?

---

காற்றழுத்தம் பதில்:

அளந்து எழுதியதற்கு நன்றி. பெரும்பாலானோர் அதைச் செய்யாமலே வாட்சைக் குறை சொல்வார்கள். உங்கள் அளவுகளை வைத்தே பாதிப் புதிரை அவிழ்த்துவிடலாம்.

முதலில் ஒன்று: எந்த வாட்சுக்கும் படிக்கட்டு தெரியாது, தளமும் தெரியாது. அது பார்ப்பது இரண்டு விஷயங்களை. மேலே ஏற ஏறக் காற்றழுத்தம் குறையும்; அப்படிக் குறைகிறதா, அதே நேரத்தில் கை அசைவில் நடை தெரிகிறதா. இரண்டும் சேர்ந்து, உயரம் ஏறத்தாழ 3 மீட்டர், அதாவது 10 அடி கூடினால் ஒரு மாடி. ஆப்பிள், கார்மின், ஃபிட்பிட், சாம்சங் எல்லாமே கிட்டத்தட்ட இந்த அளவைத்தான் வைத்திருக்கின்றன. இறங்குவதை மாடிக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இப்போது உங்கள் கட்டடம். 16 படி × 17 செ.மீ. = 2.72 மீட்டர். பார்க்கிங்கிலிருந்து முதல் தளத்துக்கு ஏன் எப்போதுமே பூஜ்யம் என்பதற்குப் பதில் இதிலேயே இருக்கிறது. மூன்று மீட்டரே இல்லை. மற்ற அடுக்குகள் 18 × 16.5 = 2.97 மீட்டர். அதுவும் எல்லைக்குச் சற்றுக் கீழேதான். மொத்தம் 2.72 + 11.88 = 14.60 மீட்டர். மூன்றால் வகுத்தால் 4.87. ஆக, ஒரு பிழையும் இல்லாத வாட்ச் கூட உங்கள் ஐந்து மாடிக்கு நான்குதான் சொல்லும். மீதி 0.87-ஐ அடுத்த சுற்றுக்கு எடுத்துச் செல்லாமல், இறங்கத் தொடங்கியதும் கைவிடும் வாட்ச் என்றால் பத்துச் சுற்றுக்கு 50 எதிர்பார்த்து 40 பார்ப்பீர்கள்.

அடுத்தது நம் ஊர் வெப்பம். இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அழுத்தத்தை உயரமாக மாற்றும் வழக்கமான சூத்திரம், கடல் மட்டத்தில் 15 டிகிரி என்று வைத்துக்கொள்கிறது. அந்தக் கணக்கில் ஒரு மீட்டருக்கு 12 பாஸ்கல் (அழுத்தத்தின் அலகு) குறையும். சென்னையில் 30 டிகிரி, ஈரக்காற்று. காற்று லேசாகிவிடுவதால் ஒரு மீட்டருக்கு 11.3 பாஸ்கல் அளவில்தான் குறைகிறது. உங்கள் 14.60 மீட்டருக்கு உண்மையில் குறைவது சுமார் 165 பாஸ்கல். வாட்ச் வெப்பநிலையைத் திருத்தாமல் அதை 12-ஆல் வகுத்தால் 13.75 மீட்டர். மூன்றால் வகுத்தால் 4.58. கத்திரி வெயிலில் 38 டிகிரி என்றால் மீட்டருக்கு 11-க்கும் கீழே போகும், 4.4 அளவுக்கு இறங்கிவிடும். எல்லா வாட்சும் இப்படித் திருத்தாமல் விடுகிறது என்று சொல்லவில்லை. ஆனால் கோடையில் எண்ணிக்கை 5 முதல் 9 சதவீதம் வரை குறைந்தால் அதில் வியப்பில்லை.

ஆகவே நான்கு என்பது சரியான விடை. மூன்று வருவதைத்தான் ஆராய வேண்டும். ஐந்து வருவதையும் கூட, அது உங்களுக்குச் சாதகமாக இருந்தாலும்.

மூன்றுக்கு மூன்று காரணம் சொல்லலாம். முதலாவது, திருப்பத்தில் நின்று மூச்சு வாங்குவது. வானிலையாலும் அழுத்தம் மாறிக்கொண்டே இருக்கும். வெப்பமண்டலத்தில் காலை 10 மணி வாக்கில் உச்சத்தில் இருந்து மாலை 4 மணி வாக்கில் 3 முதல் 4 ஹெக்டோபாஸ்கல் (ஒன்று என்பது 100 பாஸ்கல்) வரை இறங்கும். 3 ஹெக்டோபாஸ்கல் என்றாலே 26 மீட்டர், எட்டு மாடிக்கு மேல்! நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு எட்டு மாடி எழுதக் கூடாது என்பதால், மெதுவான மாற்றத்தை வாட்ச் வானிலைக் கணக்கில் தள்ளிவிடும். நிறுத்தி நிறுத்தி ஏறினால் உங்கள் உழைப்பிலும் ஒரு பகுதி அந்தக் கணக்கில் போய்விடும்.

இரண்டாவது, கை அசைவு. பை தூக்கினால், கைப்பிடியைப் பிடித்தபடி ஏறினால், மணிக்கட்டு ஆடுவதில்லை. அழுத்தம் குறைகிறது, நடை தெரியவில்லை: லிஃப்டில் போகிறார் என்று வாட்ச் முடிவுகட்டிவிடும். லிஃப்டை ஒதுக்க வைத்த விதியே உங்களையும் ஒதுக்குகிறது. பையைப் பிடிக்காத கையில் வாட்சைக் கட்டுங்கள்.

மூன்றாவது, சென்சார் துளை அடைத்திருப்பது. அதை அறிந்தவர்கள் எழுதட்டும்.

ஃபேக்டரி ரீசெட் பற்றி ஒரு வார்த்தை. அது இதற்குத் தீர்வல்ல. 'உயரத்தை அளவுதிருத்தம் செய்' என்று அமைப்பில் இருந்தால் அதுவும் மாடி எண்ணிக்கையை மாற்றாது, ஏனெனில் மாடிக்கு வேண்டியது உயர வேறுபாடு மட்டுமே. கடல் மட்டத்திலிருந்து 7 மீட்டர் என்று தவறாக இருந்தாலும் 70 என்று இருந்தாலும் வேறுபாடு ஒன்றுதான்.

---

ஸ்க்ரூடிரைவர் பதில்:

மேல சொன்ன கணக்கு சரி. நான் துளை விஷயத்துக்கு வர்றேன், ஏன்னா சர்வீசுக்கு வர்ற 'மாடி எண்ணல' புகார்ல உண்மையான கோளாறுன்னா அனேகமா இதுதான்.

வாட்ச் தண்ணி புகாம இருக்கணும், ஆனா காற்று உள்ள போகணும். அதுக்காக பக்கவாட்டுலயோ பின்பக்கமோ ஊசிமுனை அளவு ஓட்டை, அதுக்குப் பின்னாடி மெல்லிசா ஒரு சவ்வு. வியர்வை உப்பு, சோப்பு, சன்ஸ்கிரீன், தேங்காய் எண்ணெய், தூசி எல்லாம் சேர்ந்து அந்த ஓட்டையில பசை மாதிரி படியும். முழுசா அடைக்காது, காற்று மெதுவா கசியும். அதனால சென்சார் வேலை செய்யற மாதிரியே இருக்கும், ஆனா நீங்க மேல போய்ச் சேர்ந்தப்புறம்தான் அழுத்தம் மெல்ல இறங்கும். அதுக்குள்ள நடை நின்னிருக்கும். கணக்கு போச்சு.

சோதிக்க வழி இருக்கு. பாரோமீட்டர் உள்ள ஃபோன் வேணும். ஐஃபோன் 6-லிருந்து (2014) எல்லாத்துலயும் உண்டு, 2016-ல வந்த முதல் எஸ்ஈ மட்டும் விதிவிலக்கு. ஆண்ட்ராய்டுல விலை கூடின மாடல்கள்ல பெரும்பாலும் இருக்கும், பட்ஜெட் ஃபோன்ல பெரும்பாலும் இருக்காது. ஜெர்மனியில ஆஹன் பல்கலைக்கழகத்துக்காரங்க செஞ்ச ஃபைஃபாக்ஸ்னு ஒரு இலவச ஆப் இருக்கு, அதுல 'பிரஷர்' திறங்க. இப்ப இப்படிச் செய்யுங்க:

ஏசி அறையிலேருந்து நேரா வராதீங்க. வாட்சும் ஃபோனும் படிக்கட்டுச் சூட்டுக்கு வர ஐஞ்சு பத்து நிமிஷம் விடுங்க. சாதாரண சென்சார் ஒண்ணுல ஒரு டிகிரிக்கு 1.5 பாஸ்கல் நகரும் (பாஷ் கம்பெனியோட பிஎம்பி280-க்கு அவங்களே தர்ற அளவு). 24 டிகிரி அறையிலேருந்து 34 டிகிரி படிக்கட்டுக்கு வந்தா 15 பாஸ்கல், அதாவது ஒண்ணேகால் மீட்டருக்கு மேல பிழை, இதுலயே.

பார்க்கிங்ல அரை நிமிஷம் அசையாம நின்னு ஃபோன் அளவைக் குறிங்க. மொட்டை மாடிக்கு ஏறி, காற்று நேரா அடிக்காத இடமா, கதவுக்கு உள்பக்கமே நின்னு அரை நிமிஷம் அளவெடுங்க. உடனே இறங்கி மறுபடி கீழே அளவெடுங்க. கீழ் அளவு ரெண்டுக்கும் சராசரி எடுத்து, அதுலேருந்து மேல் அளவைக் கழிங்க. ரெண்டு கீழ் அளவு எடுக்கறது நடுவுல வானிலை நகர்ந்ததைச் சரிக்கட்ட. ஃபோன்ல 1.6 ஹெக்டோபாஸ்கல் பக்கம் வரணும்.

வாட்ச்லயும் அழுத்தம் காட்டற திரை இருந்தா, மேல போய் நின்னதும் அதைப் பாருங்க. ஃபோனோடவே இறங்கி நின்னா துளை சுத்தம். ஃபோன் நின்னப்புறமும் வாட்ச் மெல்ல மெல்ல இறங்கிட்டே இருந்தா அடைப்பு. இன்னொரு சோதனை: வாட்ச் கண்ணாடியைக் கட்டைவிரலால அழுத்திப் பிடிங்க. அழுத்தம் துள்ளி, விரல் இருக்கும்போதே பழைய அளவுக்குத் திரும்பணும். விரலை எடுக்கற வரைக்கும் ஏறின இடத்துலயே நின்னா காற்று வெளியேற வழியில்லைன்னு அர்த்தம்.

சுத்தம் பண்ண: பட்டையைக் கழட்டுங்க. வெதுவெதுப்பான குழாய்த் தண்ணியில, துளை தண்ணிப் பக்கம் இருக்கற மாதிரி, மெதுவான ஓட்டத்துல அரை நிமிஷம் காட்டுங்க. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தா ஒரு சொட்டு பாத்திர சோப்பு கலந்த தண்ணியில சில நிமிஷம் ஊறவிட்டு நல்லா அலசுங்க. வாட்சுக்கு 5 ஏடிஎம் (50 மீட்டர் ஆழத் தண்ணி அழுத்தத்தைத் தாங்கும் தரம்) இருந்தாத்தான் இதெல்லாம். வெறும் ஐபி எண் (தூசி, தண்ணி புகாத தரக் குறியீடு) மட்டும் போட்டிருந்தா ஈரத்துணியோட நிறுத்திக்குங்க. அப்புறம் துளை கீழ்ப்பக்கமா வச்சு ராத்திரி முழுக்க உலரவிடுங்க. துளைக்குள்ள தண்ணி நின்னாலும் அடைப்பு மாதிரியேதான் நடந்துக்கும், அதனால குளிச்ச கையோட படி ஏறி எண்ணிக்கை பாக்காதீங்க.

ஊசி, பல்குச்சி, சேஃப்டி பின் வேண்டவே வேண்டாம். சவ்வு கிழிஞ்சா தண்ணிப் பாதுகாப்பு போயிடும், சென்சாரும் போயிடும். ஏர் புளோயர், ஹேர் டிரையர், ஸ்பிரிட் எதுவும் கூடாது.

---

மேம்பாலம் பதில்:

ஸ்கூட்டர் கேள்விக்கு மட்டும் பதில்.

40 கி.மீ. வேகத்தில் போகும்போது எதிர்க்காற்று தரும் அழுத்தம் சுமார் 70 பாஸ்கல் (அடர்த்தியில் பாதி × வேகத்தின் வர்க்கம்). உயரக் கணக்கில் அது 6 மீட்டர், இரண்டு மாடி. துளை காற்றைப் பார்த்தபடி இருந்தால் அழுத்தம் கூடும், பக்கவாட்டில் இருந்தால் உறிஞ்சப்பட்டுக் குறையும். சிக்னலில் நிற்கும்போதும் கிளம்பும்போதும் இது ஏறி இறங்கும். கூடவே, நம் சாலைக் குழிகள் கைப்பிடி வழியாக மணிக்கட்டைக் குலுக்குவது நடையைப் போலவே தெரியும். அழுத்தம் குறைந்தது, நடையும் இருக்கிறது: மாடி எழுதப்படும். கத்திப்பாரா போன்ற மேம்பாலங்களில் உண்மையாகவே உயரம் ஏறுவதால் அங்கே இன்னும் எளிது.

வாட்சின் மேல் முழுக்கைச் சட்டையோ ஜாக்கெட்டோ இருந்தால் காற்றின் பாதிப்பு நன்றாகக் குறையும். அதற்கும் அடங்கவில்லை என்றால் ஓட்டும்போது கழற்றிப் பைக்குள் வைப்பதுதான். உங்கள் மொட்டை மாடி 'ஐந்து'க்கும் காற்றே காரணமாக இருக்கலாம். கதவைத் திறந்ததும் முகத்தில் அறையும் காற்று மணிக்கு 25 கி.மீ. இருந்தால் 28 பாஸ்கல், இரண்டரை மீட்டர். 4.58-ஐ 5 ஆக்க அது தாராளமாகப் போதும்.

கார், பேருந்தில் ஜன்னல் கண்ணாடியை ஏற்றி இறக்கும்போதும் அழுத்தம் துள்ளும். ஆனால் கை குலுங்காததால் பெரும்பாலும் எண்ணப்படாது.

---

மொட்டைமாடி_நடை:

அனைவருக்கும் நன்றி. சொன்னபடியே அளந்தேன். ஃபோனில் கீழே 1008.42, மேலே 1006.78, திரும்பக் கீழே 1008.38. வாட்சில் மேலே போய் நின்றதும் வேறுபாடு 0.9 தான் காட்டியது. அங்கேயே நிற்க நிற்க இரண்டு நிமிடத்தில் 1.6-க்கு வந்தது.

இன்னும் இரண்டு கேள்வி. மாடி எண்ணிக்கையை நம்ப முடியாவிட்டால் உழைப்பை எதை வைத்துக் கணக்கிடுவது? அப்புறம், ஊரில் அம்மாவுக்குக் கையில் கட்டும் ஃபிட்னஸ் பேண்ட் ஒன்று வாங்க நினைக்கிறேன். கீழ்வீடும் மாடியும் மட்டும் உள்ள வீடு, நாளெல்லாம் ஏறி இறங்குவார். எது வாங்கினால் மாடியை ஒழுங்காக எண்ணும்?

---

ஸ்க்ரூடிரைவர்:

0.9-லேருந்து 1.6-க்கு ரெண்டு நிமிஷம்னா சந்தேகமே இல்லை, துளை அடைப்புதான். சென்சார் நல்லா இருக்கு, கடைசியில சரியான அளவுக்கு வருது பாருங்க. சோப்புத்தண்ணி வைத்தியம் செஞ்சு உலர்ந்தப்புறம் இதே சோதனையைத் திரும்பச் செய்யுங்க. முதல் தடவையில முழுசா விடலைன்னா இன்னொரு தடவை ஊறவிடலாம். அப்பவும் அசையலைன்னா வாரண்டி இருக்கும்போதே கொடுத்துடுங்க, இந்த அளவுகளை எழுதிக் கொடுங்க. 'மாடி எண்ணல'ன்னு மட்டும் சொன்னா ரீசெட் பண்ணித் திருப்பிக் கொடுத்துடுவாங்க.

---

காற்றழுத்தம்:

ஃபோன் கணக்கு: கீழ் சராசரி 1008.40, கழித்தால் 1.62 ஹெக்டோபாஸ்கல், 162 பாஸ்கல். 11.3-ஆல் வகுத்தால் 14.3 மீட்டர். டேப் அளவு 14.60. முப்பது செ.மீ. வித்தியாசம் என்பது இந்த வகைச் சென்சாருக்கு மிக நல்ல முடிவு.

உழைப்புக்கு மாடியை விடுங்கள், மீட்டரில் கணக்கு வையுங்கள். ஒரு சுற்று 14.6 மீட்டர் என்பது கட்டடம் இருக்கும்வரை மாறாது. மொட்டை மாடியைத் தொடும்போதெல்லாம் வாட்சில் லேப் பொத்தானை ஒருமுறை அழுத்துங்கள், சுற்று எண்ணிக்கை தானாகப் பதிவாகிவிடும். பத்துச் சுற்றுக்கு 146 மீட்டர். 70 கிலோ எடைக்கு அந்த ஏற்றத்துக்கான வேலை 100 கிலோஜூல், 24 கிலோகலோரி. தசை 20 முதல் 25 சதவீதத் திறனில்தான் இயங்கும் என்பதால் உடல் செலவழிப்பது 95 முதல் 120 கிலோகலோரி. இது ஏறுவதற்கு மட்டும், இறங்குவது தனி. பயிற்சியைப் பதிவு செய்யும்போது ஜிம்மில் உள்ள படி இயந்திரத்துக்கான வகையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அங்கே ஆள் நின்ற இடத்திலேயே ஏறுவார், அழுத்தம் மாறாது, அதனால் அந்த வகை உயரத்தைப் பார்ப்பதில்லை. உங்கள் வாட்சில் மாடி ஏறுவதற்கென்றே வகை இருந்தால் அது, இல்லையென்றால் நடை.

இதே முறை கோயில் படிகளுக்கும் பொருந்தும். திருத்தணியில் 365 படி என்பதைப் பதினாறாலோ பதினெட்டாலோ வகுத்து மாடி எதிர்பார்க்காதீர்கள். மலைப்படிகளின் உயரம் ஒரே சீராக இருக்காது, இடையிடையே சமதளமும் வரும். பத்துப் பன்னிரண்டு படியை அளந்து சராசரி எடுத்துப் பெருக்கினால் வாட்சின் எண்ணோடு ஒப்பிட ஓர் அடிப்படை கிடைக்கும்.

---

மேம்பாலம்:

அம்மாவுக்கான பேண்ட். கடையில் விலை கேட்கும் முன் விவரப் பட்டியலில் 'பாரோமெட்ரிக் ஆல்டிமீட்டர்' (காற்றழுத்தத்தை வைத்து உயரம் அளக்கும் சென்சார்) என்ற சொல்லைத் தேடுங்கள். இல்லையென்றால் மாடி எண்ணாது. புதிய மாடல் என்றால் இருக்கும் என்று நம்ப வேண்டாம், எடுத்தும் விடுகிறார்கள். ஃபிட்பிட் சார்ஜ் 4-ல் இருந்தது, சார்ஜ் 5-ல் இல்லை. கார்மின் விவோஸ்மார்ட் 4-ல் இருந்தது, 5-ல் இல்லை. அதே கார்மினில் ஃபோர்ரன்னர் 55, 245 இரண்டிலும் இல்லை, 165, 255 இரண்டிலும் உண்டு. ஆப்பிள் வாட்சில் சீரிஸ் 3-லிருந்து (2017) உண்டு. ஜிபிஎஸ் இருக்கிறதே என்று விற்பனையாளர் சொன்னால், வீட்டுக்குள் அது பயன்படாது. வெளியிலும் உயரத்தில் பல மீட்டர் தவறும்.

ஆனால் வாங்கும் முன் ஊர் வீட்டுப் படியை அளக்கச் சொல்லுங்கள். தளத்துக்குத் தளம் 10 அடி என்று கட்டிய வீடாக இருந்தால் 3.05 மீட்டர். வெயிலில் வாட்ச் கணக்கில் அது 2.87 ஆகிவிடும். ஒரே ஒரு அடுக்கு, ஏறியதும் நடை நிற்கும், வயதானவர் என்பதால் கைப்பிடியையும் பிடிப்பார், பிடிக்கவும் வேண்டும். எந்த விலைக்கு வாங்கினாலும் அந்த வீட்டில் மாடிக் கணக்கு பெரும்பாலும் பூஜ்யமாகத்தான் வரும். 11 அடிக்கு மேல் உள்ள பழைய வீடு என்றால் மட்டும் ஆல்டிமீட்டருக்குக் காசு கொடுங்கள். இல்லாவிட்டால் காலடி எண்ணிக்கையும் இதயத் துடிப்பும் காட்டும், எழுத்து பெரிதாகத் தெரியும் ஒரு சாதாரண பேண்ட் போதும்.